கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி

அத்தியாயம் 6

"உள்ள வாங்க, தாராளமா பாருங்க. எதையும் மறைக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது" என்றான் பேட்டரிக் கடைக்காரரின் தம்பி.

யாராவது கேட்காமலே இப்படிச் சொன்னால் உடனே என் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கத் தோன்றும். தடவினேன். போன் இல்லை. கடையின் முன்மேஜையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்திருந்தேன். அடுத்த அரை மணி நேரமும் அது அங்கே சொகுசாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அக்காவிடமும் போன் கிடையாது. பேட்டரி சார்ஜ் ஏற்றும் அறைக்குள் போனோடு நுழையக் கூடாது என்று காரிலேயே வைத்துவிட்டார். அக்கா முன்பு விபத்தில் நசுங்கிய வண்டிகளை மதிப்பிடும் சர்வேயராக இருந்தவர். வண்டியைவிட, வண்டிக்காரர் சொல்லும் கதையில்தான் பள்ளம் அதிகம் என்று புரிந்துபோய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். அவருடைய உதவியாளனான எனக்குத் 'தகரம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். தட்டினாலும் சத்தம், தட்டாவிட்டாலும் சத்தமாம்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இந்தக் கடையின் சொந்தக்காரர், பேட்டரிக்காரர், இதே அறைக்குள் சார்ஜர் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை திரும்புமா என்று டாக்டர் இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை. வெளியே நின்று சுவிட்சைப் போட்டவர் அவருடைய மனைவி.

"துணி தொங்கிச்சு. அதனாலதான் போட்டேன்" என்கிறார் அந்த அம்மா.

"துணி அண்ணன் சட்டைப் பையில இருந்தது. ஆஸ்பத்திரியில நானே எடுத்தேன்" என்கிறான் தம்பிக்காரன்.

அந்தத் துணிதான் இந்தக் கடையின் சட்டம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வாயு கிளம்பும். சுவிட்சில் தெறிக்கும் சின்னப் பொறி போதும், அது பிடித்துக்கொள்ள. அதனால் சுவிட்சை அறைக்கு வெளியே வைத்திருந்தார் பேட்டரிக்காரர். வெளியே நிற்பவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாதே? அதற்குத்தான் கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி. உள்ளே போகிறவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்து, கதவைத் தாழிட்டு, மறுபடி தொங்கவிட வேண்டும். துணி தொங்கினால் உள்ளே ஆள் இல்லை, சுவிட்சைப் போடலாம். பதினைந்து வருஷமாகக் கணவனும் மனைவியும் இதை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் கண் கட்டோடு படுத்திருந்த மனிதர் மனைவியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன் போட்டே?" அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, 'என் கவனக்குறைவால் நடந்தது' என்று அந்த அம்மா காவல் நிலையத்தில் எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறார். யாரும் அவரை மிரட்டவில்லை. எல்லாரும் சொல்லிச் சொல்லி, துணியைப் பார்த்தோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவருடைய மகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "அம்மா கண்ணால பார்க்காத எதையும் சொல்ல மாட்டாங்க, அவங்களையே அவங்க நம்பாமப் பண்ணிட்டாங்க" என்று அழுதபோது மணி பதினொன்று. இப்போது மூன்று.

அக்கா கைப்பிடியிலிருந்த துணியைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். தம்பிக்காரன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

சின்ன அறை. ஜன்னல் கிடையாது; பகலிலும் அணைக்காத ஒரு பல்பு எரிந்தது. இரும்புக் கதவு, உள்பக்கம் பிடிக்கக்கூட ஒன்றும் இல்லை. மரப் பெஞ்சில் பன்னிரண்டு பேட்டரிகள் வரிசையாக, எல்லாவற்றிலும் கிளிப் மாட்டித் தயாராக இருந்தன. சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். மூலையில் துடைப்பக் கட்டை, காலி பிளாஸ்டிக் கேன்கள், ஒரு வாளியில் ஆசிட்டை முறிக்கச் சோடா உப்புக் கரைசல்.

"தகரம், இந்த வரிசையில என்ன தெரியுது?"

"பன்னிரண்டு பேட்டரி தெரியுது. பதிமூணாவதா நான்."

"முதல் ஆறைப் பார். முனையெல்லாம் பளிச்சுனு தேய்ச்சு, மேல வாசலின் தடவியிருக்கு. இது அந்தப் பேட்டரிக்காரர் கை. ஏழாவதுல இருந்து பார்."

ஏழாவதிலிருந்து பேட்டரிகள் இன்னும் புதிதாக இருந்தன. கறுப்புப் பெட்டி மின்னியது, ஸ்டிக்கர் ஒட்டிய சூடு ஆறவில்லை. ஆனால் முனைகளில் மட்டும் வெள்ளைப் பூ பூத்திருந்தது. பெட்டியை அக்கா விரலால் தேய்த்தார். விரல் கறுப்பானது.

"கிழட்டு பேட்டரிக்குப் புதுச் சட்டை" என்றேன்.

"சட்டை போட்டவன் காலரைத் துவைக்க மறந்துட்டான். ஓடி ஓய்ஞ்ச பேட்டரியைப் புதுசுனு சொல்லி விக்கிறான். அண்ணன் இதைப் பார்த்திருந்தா ஒரு நாள்கூடக் கடையில வச்சிருக்க மாட்டார்."

அப்போதுதான் கதவு சாத்திக்கொண்டது.

முதலில் காற்று என்று நினைத்தேன். ஆனால் காற்று தாழ்ப்பாள் போடாது. 'டக்' என்று வெளியே தாழ் விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. "தம்பி! தம்பி!" என்று கத்திக்கொண்டு கதவைக் கையால் அறைந்தேன். பதிலுக்குக் கடையின் முன்பக்கம் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தடதடவென்று கிளம்பியது. அந்தச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

கைப்பிடிக்குப் பக்கத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு இடுக்கு. அதில் கண்ணை வைத்தேன். எதிர்ச் சுவரில் சுவிட்ச் போர்டு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் உருவம் வந்து நின்றது. தம்பிக்காரன் இல்லை. அந்த அம்மா.

"அக்கா, அவங்க வந்துட்டாங்க! அம்மா! அம்மா! நாங்க உள்ள இருக்கோம்!"

அவர் கதவைப் பார்த்தார். அப்பாடா என்றிருந்தது. திரும்பிக்கொண்டார். மறுபடி கதவைப் பார்த்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு வளையல் போட்ட கை மேலே போய், ஃபேன் சுவிட்சைப் போட்டது. அடுத்தது சார்ஜர் சுவிட்சை.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றத் தொடங்கியது. பெஞ்சில் பன்னிரண்டு பேட்டரிகளும் 'உம்ம்' என்று முனகின. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஃபேன் மட்டும் நின்றுவிட்டது. வெளியே அதன் ஃப்யூஸை யாரோ பிடுங்கியிருக்க வேண்டும்.

நான் அப்படியே திரும்பிக் கதவில் சாய்ந்தேன்.

"அக்கா, நாம யாரைக் காப்பாத்த வந்தோமோ அவங்களே நம்ம கணக்கை முடிக்கிறாங்க. மூணு தடவை கதவைப் பார்த்துட்டு, நிதானமா சுவிட்ச் போட்டாங்க."

அக்கா பேட்டரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிகளுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ் விடும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மெல்ல நெடியும் ஏறியது.

"முதல்ல பெல்ட்டைக் கழட்டு" என்றார்.

"சாகப்போற நேரத்துல இது என்ன..."

"பெல்ட், வாட்ச், சாவி, கையில காப்பு. இரும்புனு எது உன் மேல இருந்தாலும் கழட்டிக் கீழ மூலையில வை. தவறி ரெண்டு முனையில பட்டா போதும். கிளிப்பைத் தொடவே தொடாதே."

"கிளிப்பைக் கழட்டினா சார்ஜ் நின்னுடுமே?"

"கரண்ட் ஓடும்போது கழட்டினா பொறி வரும். முதல்ல சுவிட்ச், அப்புறம் கிளிப். அந்தப் பேட்டரிக்காரருக்கு நடந்ததும் அதுதான். அவர் மாட்டிக்கிட்டிருக்கும்போது கரண்ட் வந்துடுச்சு."

பெல்ட்டைக் கழற்றினேன். பேன்ட் இடுப்பிலிருந்து இறங்கத் தயாரானது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். செத்தாலும் மானத்தோடு சாக வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

அப்போது ஏழாவது பேட்டரியிலிருந்து 'சிட்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி 'சிட்'.

அக்கா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிப்போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கிளிப் முனையைக் கடித்துப் பிடிக்கவில்லை. வெள்ளைப் பூவின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பேட்டரி குமிழ்விட்டு அதிர அதிர, அது நூலளவு நூலளவாக நழுவிக்கொண்டிருந்தது.

"இது விழுந்தா?"

"விழற நேரத்துல பெரிய பொறி. அதுக்குள்ள அறை நிறைய வாயு சேர்ந்திருக்கும்."

தகரம் சத்தமில்லாமல் இருந்தது அநேகமாக அந்த ஒரு நிமிஷம்தான். பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்தது. கதவில் காலால் ஓங்கி உதைக்கப் போனேன்.

"உதைக்காதே, பெஞ்ச் ஆடும்" என்றார் அக்கா. "தகரம், யோசி. ஆளைக் கொல்ல வந்தவ கதவை ஏன் மூணு தடவை பார்க்கணும்? ஒரு தடவையே அதிகம். அவங்க எதைப் பார்த்தாங்க?"

"கதவைத்தான்."

"கதவுல எதை?"

மறுபடி இடுக்கில் கண்ணை வைத்தேன். இந்தத் தடவை சுவிட்ச் போர்டைப் பார்க்கவில்லை. கண்ணைச் சாய்த்துக் கீழே, கைப்பிடிப் பக்கம் பார்த்தேன். இடுக்கின் ஓரத்தில் ஏதோ ஆடியது. சிவப்பாக.

"அக்கா, துணி உங்க பையிலதானே இருக்கு?"

அக்கா பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"அப்போ வெளிய தொங்கறது யார் வீட்டுத் துணி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா மெல்லச் சிரித்தார். அந்த இடத்தில் சிரிக்க அவரால் மட்டும்தான் முடியும்.

"அன்னைக்கும் இதேதான். அண்ணன் துணியைப் பையில வச்சுக்கிட்டு உள்ள வந்திருக்கார். வெளிய தம்பி கதவைச் சாத்தி இன்னொண்ணைத் தொங்கவிட்டிருக்கான். அந்த அம்மா துணியைப் பார்த்தாங்க, சுவிட்சைப் போட்டாங்க. வெடிச்ச களேபரத்துல அவன் அதை உருவிக்கிட்டான். அவங்க பொய்யும் சொல்லல, தப்பும் பண்ணல. இன்னைக்கு நம்மளையும் அவங்க கையாலயே முடிக்கப் பார்க்கிறான்."

"பிரமாதம். துப்புத் துலங்கிடுச்சு. இதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

'சிட்.'

அக்கா மேலே பார்த்தார். ஃபேன் நின்றதும், அதன் வெளிப்பக்கத்துப் பிளாஸ்டிக் பட்டைகள் தாமாகவே கவிழ்ந்து ஓட்டையை மூடியிருந்தன. வாயு மேலே போய்த்தான் சேரும். போய்ச் சேர்ந்த இடத்தில் வழி அடைத்திருந்தது.

"அந்த ஓட்டை எங்க திறக்குது?"

"பின் முற்றத்துல. வரும்போது பார்த்தேன். அங்க குழாயடியில ஒரு டப் நிறைய பேட்டரி மூடி ஊறிக்கிட்டிருந்தது."

"அதைக் கழுவுறது யாரு?"

"அந்த அம்மாதான்" என்றேன். துடைப்பக் கட்டையின் முனையில் அக்கா சிவப்புத் துணியை இறுக்கி முடிந்தார். நான் இரண்டு பிளாஸ்டிக் கேன்களைக் கவிழ்த்து ஏறி நின்றேன். கட்டையைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். பேன்ட்டைப் பிடிக்க ஒரு கை. மூன்றாவது கை இல்லாததால் மானத்தைக் கீழே விட்டேன்.

"நான் பார்க்கல" என்றார் அக்கா.

நின்றிருந்த ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே கட்டையை மெல்ல நுழைத்துப் பட்டைகளைத் தள்ளினேன். வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே வந்தது. நெடியில் இருமல் பிடுங்கியது. கட்டையை இன்னும் தள்ளி, துணி வெளியே முழுக்கத் தொங்கும்படி பிடித்து ஆட்டினேன். ஆட்டினேன், ஆட்டினேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கீழே 'சிட், சிட்' என்று அந்தக் கிளிப்பின் சத்தம் அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தது.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றேன்.

"நிறுத்தாம ஆட்டு" என்றார் அக்கா. அதுவே போதுமான பதில்.

முற்றத்தில் ஏதோ டப் கவிழ்ந்து, தண்ணீர் கொட்டுகிற சத்தம். யாரோ ஓடுகிற சத்தம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முனகல் நின்றது.

பேட்டரிகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. ஏழாவது கிளிப் கடைசியாக நழுவிப் பெஞ்சில் 'டொக்' என்று விழுந்தது. கரண்ட் இல்லாத கிளிப். வெறும் ஈயமும் செம்பும்.

தாழ் விலகியது. கதவைத் திறந்த அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, உடம்பெல்லாம் ஈரம். ஆனால் குரல் அசையவில்லை.

"மெதுவா வாங்க. எதுலயும் இடிச்சுக்காதீங்க. கதவு திறந்தே கிடக்கட்டும், காத்து போகட்டும். ஃபேன் சுவிட்சை யாரும் தொட வேணாம்."

அப்புறம்தான் அவர் கண்ணில் நான் பட்டேன். "முதல்ல அதைப் போட்டுக்கங்க தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னைக்கு யார் உங்களைச் சுவிட்ச் போடச் சொன்னது?" என்றார் அக்கா.

"கொழுந்தனார். நீங்க கிளம்பிப் போயிட்டதாச் சொன்னார். பயம் தெளியணும்னா நீங்களே போடுங்க அண்ணின்னார். மூணு தரம் பார்த்தேன். துணி இருந்தது. சத்தியமா இருந்தது. அப்புறம் முற்றத்துல நிமிர்ந்தா, ஃபேன் ஓட்டையில இன்னொண்ணு. உள்ள இருக்கிறவங்க கையில ஒண்ணு இருக்குன்னா..." உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. தம்பிக்காரன் தலையில் அடித்துக்கொண்டே ஓடிவந்தான். "ஐயோ அண்ணி! உள்ள ஆள் இருக்கும்போது மறுபடியும் போட்டுட்டீங்களா?"

நாங்கள் உயிரோடு நின்றோம். அவன் எங்களைப் பார்க்கவில்லை. முதலில் அவன் பார்வை போனது கதவுக் கைப்பிடிக்கு. அது காலியாக இருந்தது.

"எதைத் தேடுறீங்க தம்பி?" என்றார் அந்த அம்மா. மூடிய உள்ளங்கையைத் திறந்தார். கைப்பிடியிலிருந்து அவர் கழற்றிய துணி அதில் இருந்தது. அக்கா கட்டையிலிருந்து அவிழ்த்த துணியை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே நெசவு.

"என் வீட்டு ஜன்னல் திரை இது. கிழிஞ்சதும் ஒரு துண்டைக் கடைக்கு வெட்டிக் குடுத்தேன்" என்றார் அந்த அம்மா. "மிச்சத்தை வண்டி துடைக்க வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனது நீங்கதானே?"

அவன் திரும்பி ஓட்டம் பிடித்தான். முன்பக்கம் நான் நின்றதால், பின்தெருவுக்குப் போக ஸ்டோர் ரூமுக்குள் பாய்ந்தான். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டான். பின்கதவை அடைத்து, யார் கண்ணிலும் படாமல் இருக்க, பெயின்ட் அடித்த கிழட்டு பேட்டரிகளை ஆள் உயரம் அடுக்கிவைத்திருந்தவன் அவனேதான். உள்ளே அவன் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. அந்த அம்மா நிதானமாக நடந்துபோய் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அந்தத் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம்தான்.

"துணி தொங்கவிடலையா?" என்று கேட்டேன்.

"உள்ள ஆள் இருக்கும்போது தொங்கவிடக் கூடாது" என்றார்.

ஐந்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டது வேறு ஆள், வேறு காகிதத்தில். பேட்டரி வெடித்த அன்று காலையில்தான் அண்ணன் பெயின்ட் அடித்த பேட்டரிகளைக் கண்டுபிடித்து, மாலைக்குள் கடையை விட்டுப் போகும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறார். எழுதும்போது அழுதானாம். எனக்கு இரக்கம் வரவில்லை.

நாங்கள் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அத்தாட்சியாக வாங்கிவைத்த துணிகளை, ஒரு மணி நேரம் கடனாகத் தரும்படி இன்ஸ்பெக்டரிடம் அக்கா கேட்ட விதத்தில் அவரால் மறுக்க முடியவில்லை. ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்கு அனுப்பினார்.

பேட்டரிக்காரர் கண் கட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மனைவியின் காலடி கேட்டும் திரும்பவில்லை. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அவர் கையை எடுத்து விரித்து, துணிகளை உள்ளங்கையில் வைத்தார்.

அவர் பெருவிரலால் ஓரத்தைத் தடவினார். பதினைந்து வருஷம் பையில் வைத்த துணி, உடனே தெரிந்துகொண்டார். அடுத்ததைத் தடவினார். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தடவினார்.

"ரெண்டா?" என்றார்.

"ஏன் போட்டேனு கேட்டீங்களே" என்றார் அந்த அம்மா. "இதனாலதான் போட்டேன்."

அவர் துணிகளைப் போர்வை மேல் போட்டுவிட்டு, காற்றில் மனைவியின் கையைத் தேடினார்.